அடைபட்ட கதவும் திறந்த மண்டபமும்
பாக் இயற்றிய 140ஆம் காண்டாட்டாவைக் குறித்து ஒரு திறனாய்வு

பத்துக் கன்னியரைப்பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமை (மத்தேயு 25:1–13) ஒரு கதவு அடைபடுவதில் போய் முடிகிறது. வெளியே நின்று தட்டுகிறவர்களுக்கு உள்ளிருந்து கிடைக்கும் மறுமொழி, வேதாகமத்தின் கடினமான மொழிகளில் ஒன்றாகும். ஆயினும், இதே உவமையை அடிப்படையாகக் கொண்டு எழுந்த உலகப் புகழ்பெற்ற திருச்சபை இசைப்படைப்பு ஒன்றில் அக்கதவு அடைபடவே இல்லை. அதில் கதவைப்பற்றிய பேச்சு வரும் ஒரே இடத்திலும் அது திறக்கப்படுகிறது. யோகான் செபாஸ்தியான் பாக் இயற்றி, 1731ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் லைப்சிக் நகர ஆராதனையில் முதன்முதலாகப் பாடப்பெற்ற, ‘விழித்தெழுங்கள் என்று குரல் நம்மை அழைக்கிறது’ எனப் பொருள்படும் தலைப்பையுடைய காண்டாட்டாவே அது. பாக்கின் படைப்புகளுக்கென 1950இல் வெளியான அட்டவணையில் இது 140 எனும் எண்ணைப் பெற்றுள்ளது.

சுவிசேஷம் அடைத்த கதவை இசை திறந்துவிடலாமா? இவ்வாறு திறப்பது ஆறுதலா, அல்லது மழுப்பலா? அருளுரை ஆற்றும் பொறுப்புடைய நாம் இக்கேள்வியை எளிதில் கடந்துபோக இயலாது. இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

1. படைப்பின் தோற்றம்

காண்டாட்டா என்பது பாடகர் குழு, தனிக்குரல்கள், வாத்தியக் குழு ஆகியவை சேர்ந்து அந்த ஞாயிற்றுக்குரிய திருமறைப் பகுதியை விளக்கும் இசைவடிவம். 1723 முதல் லைப்சிக் நகரின் தோமா ஆலயப் பள்ளியில் இசைப் பொறுப்பாளராயிருந்த பாக், ஏறத்தாழ ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் இத்தகைய படைப்பு ஒன்றை ஆயத்தம் செய்யவேண்டியிருந்தது. 1724–25ஆம் ஆண்டுகளில் அவர் லுத்தரன் ஞானப்பாட்டுகளை ஆதாரமாகக் கொண்டு வரிசையாகக் காண்டாட்டாக்களை இயற்றினார். அவ்வரிசையில் விடுபட்டிருந்த இடங்களைப் பின்னாளில் நிறைவு செய்தபோது எழுந்தவற்றுள் இதுவும் ஒன்று.

பத்துக் கன்னியர் உவமை திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 27ஆம் ஞாயிற்றுக்கு உரிய பாடம். உயிர்த்தெழுதல் பெருநாள் மார்ச் 26ஆம் தேதியிலோ அதற்கு முன்போ வரும் ஆண்டுகளில் மாத்திரமே அத்தகைய ஞாயிறு உண்டு. பாக் லைப்சிக்கில் வாழ்ந்த 27 ஆண்டுகளில் அது 1731லும் 1742லுமாக இருமுறையே வந்தது. அரிதாய் வரும் ஒரு நாளுக்கு, அரிதாய் வருகிற மணவாளனைப் பற்றிய இப்படைப்பு எழுதப்பட்டது.

இதற்கு ஆதாரமான ஞானப்பாட்டு அதற்கும் முன்னே 1599இல் அச்சேறியது. அதன் ஆசிரியர் பிலிப் நிக்கோலாய் (1556–1608), ஜெர்மனியின் ஊனா எனும் ஊரில் போதகராயிருந்தவர். 1597இல் கொள்ளைநோய் அவ்வூரைத் தாக்கிற்று. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம் சன்னலுக்கு வெளியே அடக்க ஆராதனைகள் ஓயாதிருந்த அந்நாட்களில், நித்திய வாழ்வைக் குறித்துத் தியானித்து நிக்கோலாய் எழுதிய நூலின் இறுதியில் இப்பாடல் இடம்பெற்றது. இதன் மூன்று பாக்களின் முதலெழுத்துகளைத் தலைகீழாய்ச் சேர்த்தால், வால்டெக் நாட்டுப் பிரபு என்பதன் ஜெர்மன் முதலெழுத்துகள் கிடைக்கும். 1598இல் இளமையிலேயே மாண்டுபோன தம் மாணாக்கரின் நினைவை அப்போதகர் இவ்வாறு பாட்டினுள் பொதிந்துவைத்தார். ஆக, இது புதைகுழியின் ஓரத்தில் நின்று பாடப்பட்ட மணப்பாட்டு எனலாம்.

பாக் இம்மூன்று பாக்களையும் ஒரு சொல்லும் மாற்றாது 1, 4, 7ஆம் பகுதிகளாக நிறுத்தினார். இடையே வரும் நான்கு பகுதிகளுக்குரிய சொற்களை எழுதிய கவிஞர் இன்னார் என்பது அறியப்படவில்லை. அவர் உன்னதப்பாட்டின் உருவகங்களைத் தாராளமாக எடுத்தாண்டு, ஆன்மாவாகிய மணவாட்டியும் இயேசுவாகிய மணவாளனும் உரையாடுவதாகப் பாடல் புனைந்துள்ளார்.

2. ஒரு குற்றச்சாட்டு

பல ஆண்டுகளுக்கு முன் இறையியல் மாணவனாக விடுதியில் தங்கியிருந்தபோது, தேய்ந்துபோன ஓர் ஒலிநாடாவில் இப்படைப்பை முதலில் கேட்டேன். அதன் இனிமையில் மயங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் அதன் சொற்களைப் பொருளறிந்து படித்தபோது மயக்கம் தெளிந்து ஐயம் பிறந்தது. புத்தியில்லாத ஐந்து பேர் எங்கே? நிக்கோலாயின் பாட்டு புத்தியுள்ள கன்னியரை மட்டுமே பெயர்சொல்லி அழைக்கிறது. எண்ணெய் குறைவுபட்டதாக ஒரு சொல்லும் இல்லை. கடைக்கு ஓடுவோர் இல்லை, தட்டுவோர் இல்லை, “அறியேன்” என்ற மறுமொழியும் இல்லை. உவமையின் பாதியை வெட்டியெறிந்துவிட்டு மீதியை மணக்கோலத்தில் அலங்கரித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றிற்று. பிற்காலத்தில் அருளுரைக்கலை வகுப்புகளில், மறைப்பகுதியைத் தன் விருப்பத்துக்கேற்பக் கத்தரிக்கும் தவற்றுக்கு உதாரணமாக இப்படைப்பையே காட்டி வந்தேன்.

இக்குற்றச்சாட்டு அற்பமானதன்று. பாக்குக்கு அச்சமூட்டும் இசை எழுதத் தெரியாது என்று எவரும் கூறமுடியாது. ஐசுவரியவானும் லாசருவும் பற்றிய சுவிசேஷத்துக்கென 1724இல் அவர் எழுதிய 20ஆம் காண்டாட்டா, முடிவற்ற நித்தியத்தின் பயங்கரத்தைக் கேட்போரின் நெஞ்சு நடுங்க முழக்குகிறது. ஆகவே, இங்கே அச்சம் விடுபட்டிருப்பது இயலாமையால் அன்று. மேலும், இதன் நான்காம் பகுதியைப் பாக்கே பின்னர் ஆர்கனுக்கு ஏற்ப மாற்றியமைத்து, ஏறத்தாழ 1748இல் வெளியிட்டார். இன்று அது திருமணங்களில் மணமக்கள் நடந்துவரும்போது வாசிக்கப்படும் இனிய ராகமாகிவிட்டது. நியாயத்தீர்ப்பின் நள்ளிரவு மணவறை அலங்காரமாக மாறிப்போனதற்கு வித்து இப்படைப்பிலேயே இருந்தது என்று வாதிடுவோர்க்கு இதுவும் சான்றாகும்.

எனினும், இக்கருத்தை மாற்றிக்கொள்ளும்படி என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒரு கிராமச் சபையில் இவ்வுவமையின்மேல் பிரசங்கித்தேன். அடைபட்ட கதவைப் பற்றி உறுதியுடன், ஒருவேளை சற்றுப் பெருமையுடனும் பேசினேன். ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்தார். அவருடைய மகன் சபையைவிட்டு விலகி அலைந்து, அவ்வாண்டிலேயே விபத்தொன்றில் இறந்தவன். “ஐயா, என் பிள்ளைக்கும் கதவு அடைச்சாச்சா?” என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. அன்றிரவு என் நினைவில் ஒலித்தது இக்காண்டாட்டாவின் மூன்றாம் பகுதி. அதை மறுபடியும் ஊன்றிக் கேட்கவேண்டுமெனத் தீர்மானித்தேன்.

3. இசை சொல்வது என்ன?

முதற் பகுதி பாடகர் குழு முழுவதும் பாடுவது. வாத்தியங்கள் விட்டு விட்டுத் தெறிக்கும் தாளநடையில் தொடங்குகின்றன. அரசன் வருகையில் இசைக்கப்படும் பிரெஞ்சு நாட்டு முன்னிசையின் நடை அது. வயலின் கூட்டமும் ஓபோ கூட்டமும் ஒன்றுக்கொன்று எதிர்குரல் கொடுக்கின்றன. இவற்றின்மேல் சொப்ரானோ குரல், கொம்பு வாத்தியத்தின் துணையோடு, ஞானப்பாட்டின் மெட்டை நீண்ட சுரங்களாகப் பாடுகிறது. கோபுரத்தின் மேலிருந்து அழைக்கும் காவலாளரின் குரல் அது. கீழேயுள்ள மூன்று குரல்களோ நிலைகொள்ளாமல் ஓடுகின்றன. புத்தியுள்ள கன்னியர் எங்கே எனும் அடி வரும்போது, அக்குரல்கள் ‘எங்கே’ என்ற ஒற்றைச் சொல்லையே பிடித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கேட்கின்றன.

இங்கேதான் நான் பல்லாண்டுகள் கவனியாது விட்ட செய்தி அடங்கியிருக்கிறது. நிக்கோலாயின் பாட்டில் அது ஒரேமுறை வந்து போகும் வினா. பாக்கின் கையில் அது தேடலாகிறது. அனைவரும் விழித்து நிற்பார்களாயின் ‘எங்கே’ என்று இவ்வளவு பதைத்துக் கேட்பதற்கு என்ன தேவை? காணாமற்போனோரைக் குறித்து இப்பாட்டில் சொல் இல்லை என்பது மெய்யே. ஆனால் அவர்களைத் தேடும் குரல் இருக்கிறது. கண்டனத்தைப் பாடவேண்டிய இடத்தில் பாக் தேடலைப் பாடுகிறார்.

இரண்டாம் பகுதியில் டெனர் குரல் அறிவிப்பாளனாக நின்று, மலைகளின்மேல் துள்ளிவரும் மானுக்கு ஒப்பாக மணவாளன் வருகிறார் என உன்னதப்பாட்டின் உவமையால் முன்னறிவிக்கிறது. அதன்பின் வருவது மூன்றாம் பகுதியாகிய இருகுரற் பாட்டு. சொப்ரானோ ஆன்மாவின் குரல். லைப்சிக்கில் அதைப் பாடியவன் ஒரு சிறுவன். பாஸ் இயேசுவின் குரல். கிறிஸ்துவின் வாக்கைப் பாஸ் குரலுக்கு அளிப்பது பழைய லுத்தரன் மரபு. ஈ-பிளாட் மேஜரின் ஒளியிலிருந்து இசை சி மைனரின் இருளுக்குள் இறங்குகிறது. வழக்கமான வயலினைவிடச் சிறிய, உயர்ந்த சுருதியுடைய வயலின் ஒன்று, காற்றில் நடுங்கும் தீபச்சுடர்போல் நுண்ணிய சுரங்களால் இருவரையும் சுற்றிச் சுழல்கிறது. எண்ணெய் எரிய விளக்கேந்திக் காத்திருப்பதாக ஆன்மா கூறுகிறது. எப்போது வருவீர் என வினவுகிறது. வருகிறேன் என விடை கிடைக்கிறது. மண்டபத்தைத் திறவும் என மன்றாடுகிறது. திறக்கிறேன் என விடை கிடைக்கிறது.

வியப்பு யாதெனில், விடை கிடைத்தபின்னும் வினா ஓயவில்லை. அவர் கூறுவது அவள் செவியில் விழாததுபோல் மணவாட்டி மறுபடியும் மறுபடியும் கேட்கிறாள். மெட்டும் துயரத்தைவிட்டு நீங்கவில்லை. சொற்களை மாத்திரம் தாளில் படித்தால் இது ஐயம் தீர்ந்த உரையாடல். கேட்டாலோ தீராத ஏக்கம். விளக்குடன் நிற்கிறவள்கூடத் தன் கதவு திறக்குமோ என்ற நடுக்கத்தோடே நிற்கிறாள். புத்தியுள்ளோர் ஒருபுறம், புத்தியற்றோர் மறுபுறம் என்று நாம் பிரசங்க மேடையில் கோடு கிழிப்பதுபோல் பாக் கிழிக்கவில்லை. அடைபட்ட கதவின் அச்சத்தை அவர் விசுவாசியின் உள்ளத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். அத்தாயாரின் கேள்வியை நான் கேட்ட தொனி இதுவே.

நான்காம் பகுதியில் வயலின்களும் வயோலாவும் ஒரே குரலாக இணைந்து, நடனநடையில் ஒரு மெட்டை வாசிக்கின்றன. டெனர் குரல் ஞானப்பாட்டின் இரண்டாம் பாவை, அதனோடு தொடர்பே இல்லாததுபோல், தன்போக்கில் பாடுகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் ஒன்றாய் நடக்கின்றன. மணவாளனின் வருகை நம் பாட்டுக்குக் காத்திராமல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நாம் இடையில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்பதே இதன் உட்பொருள் என்று கருதுகிறேன். இப்பாவின் முடிவில் அனைவரும் மகிழ்ச்சியின் மண்டபத்துக்குள் சென்று விருந்தில் பங்குகொள்வதாகக் கூறப்படுகிறது. அங்கு வரும் ஜெர்மன் சொல் இராவிருந்தையும் திருவிருந்தையும் ஒருசேரக் குறிக்கும். கடைசிநாள் விருந்தின் வாசல் ஒவ்வொரு நற்கருணை ஆராதனையிலும் திறக்கிறது என்ற லுத்தரன் நம்பிக்கை இச்சொல்லில் பொதிந்துள்ளது.

ஐந்தாம் பகுதியில் கம்பி வாத்தியங்கள் சூழ இயேசுவின் குரல் ஆன்மாவை உள்ளே அழைக்கிறது. துயருற்ற கண்ணைப் பற்றிப் பேசும் இடத்தில் இசை ஒருகணம் இருண்டு, மீண்டும் தெளிகிறது. ஆறாம் பகுதி பி-பிளாட் மேஜரில் அமைந்த மற்றோர் இருகுரற் பாட்டு. முன்பு ஒருவர் கேட்க மற்றவர் விடையளித்த இரு குரல்களும் இப்போது இணைந்து செல்கின்றன. ஓபோ அவற்றோடு விளையாடுகிறது. ஏழாம் பகுதியில் நால்வகைக் குரல்களும் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து, எவ்வித அலங்காரமுமின்றி, மூன்றாம் பாவைப் பாடி முடிக்கின்றன.

4. குறைகளும் ஆராதனையில் இதன் இடமும்

இத்தனையும் கூறியபின், குறைகளை மறைப்பது நேர்மையாகாது. ஆறாம் பகுதியின் இன்பம் சற்று மிகையானதே. நம் நாட்டுப் பக்தி மரபில் நாயக-நாயகி பாவம் என்று வழங்கும் அணுகுமுறைக்கு உள்ள அழகும் ஆபத்தும் இங்கே ஒருங்கே காணப்படுகின்றன. உவமையில் பத்துப்பேர் இருக்கின்றனர். இங்கோ ஓர் ஆன்மாவும் அதன் நேசரும் மட்டுமே. பிறரைப்பற்றிய கவலை அம்மணவறைக்குள் நுழைவதில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரம் இவ்வுவமையோடு நில்லாமல், பசித்தோர்க்கு உணவளித்தலையும் சிறைப்பட்டோரைச் சந்தித்தலையும் கேட்கும் நியாயாசனம் வரை செல்கிறது. இக்காண்டாட்டாவின் இடைக்கவிஞர் அத்திசையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இக்குறையைப் பாக் படைப்பின் அமைப்பினால் ஓரளவு ஈடுசெய்கிறார். தனியான்மாவின் இரு பாட்டுகளும், சபை முழுவதற்கும் உரிய மூன்று ஞானப்பாட்டுத் தூண்களுக்கு நடுவிலேயே நிற்கின்றன. ‘நான்’ என்று உருகியவள் முடிவில் ‘நாம்’ என்று பாடுவோரோடு சேர்ந்தாக வேண்டும். ஈடுசெய்கிறார் என்றேன், முற்றிலும் தீர்த்துவிட்டார் என்று கூறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாம் மறந்துவிடுகிற ஒன்றுண்டு. லைப்சிக் ஆராதனையில் காண்டாட்டா தனித்து நிற்கவில்லை. முதலில் அந்நாளின் சுவிசேஷம் பீடத்திலிருந்து ஓதப்படும். அதனைத் தொடர்ந்து காண்டாட்டா, பின்பு விசுவாச அறிக்கைப் பாட்டு, பின்பு பிரசங்கம். அதாவது, கதவு அடைபட்ட சத்தம் காதில் விழுந்து சில நிமிடங்களே ஆன சபைக்கு முன்பாகவே இவ்விசை எழுந்தது. உவமையை மீண்டும் எடுத்துரைப்பது அதன் பணியன்று. உவமையைக் கேட்டு நடுங்கும் சபை என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்வதே அதன் பணி. அது விழித்தெழுகிறது, தேடுகிறது, ஏங்குகிறது, மன்றாடுகிறது. நான் விளக்கவுரை என்று எண்ணிப் பழித்தது உண்மையில் ஒரு மறுமொழி. மறைப்பகுதியைக் கத்தரித்தவர் பாக் அல்லர். அவர் இசையை ஒலிநாடாவில் தனித்துக் கேட்ட நானே, இசையை மறைப்பகுதியிலிருந்து கத்தரித்தேன்.

இறுதிப் பாவும் இவ்வாறே விளங்குகிறது. அது முத்துகளாலான வாசல்களை உடைய நகரைப் பாடுகிறது. அவ்வாசல்கள் பகலில் அடைக்கப்படுவதில்லை என்றும், அங்கே இரவு இல்லை என்றும் வெளிப்படுத்தின விசேஷம் (21:25) கூறுவதை அறிவோம். நள்ளிரவில் அடைபட்ட ஒரு கதவில் தொடங்கி, இரவேயில்லாத நகரின் திறந்த வாசல்கள் வரை ஞாயிறு ஆராதனை சபையை நடத்திச் செல்கிறது. அதே அதிகாரத்தின் இறுதி வசனம் உட்பிரவேசியாதவற்றைப் பற்றியும் பேசுகிறது என்பதை நாம் மறைக்கலாகாது. ஆகவே முதற்கதவு பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் இறுதிச் சொல் எதுவென்று தீர்ப்பது நம் கையில் இல்லை.

5. முடிவுரை

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும், அவருக்குப் பின்வந்த பாபிரிசியு போன்றோரும் நமக்குக் கொண்டுவந்த ஞானப்பாட்டு மரபு, பாக் தம் வாழ்நாளெல்லாம் ஊன்றி நின்ற அதே மரபே. எனவே இப்படைப்பு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நம் கல்லூரிச் சிற்றாலயங்களிலும் சபைகளிலும் இதனை ஒலிக்கச் செய்வோர்க்கு ஒரு வேண்டுகோள்: இதைக் கச்சேரியாக வைக்காதிருங்கள். முதலில் மத்தேயு 25ஐ 13ஆம் வசனம் வரை, கடினமான வார்த்தை எதையும் விடாமல் வாசியுங்கள். பின்பு சிறிது நேரம் அமைதியாயிருங்கள். அதன்பின் முதற் பகுதியின் ‘எங்கே’ எனும் கேள்வி சபையின் காதில் விழட்டும்.

அத்தாயாருக்கு இன்றும் என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. அவர் மகனுக்குக் கதவு திறந்தது என்று கூற எனக்கு அதிகாரமில்லை. அடைபட்டது என்று கூறவும் அதிகாரமில்லை. உவமை எனக்களிக்கும் கட்டளை விழித்திருக்கவேண்டும் என்பதே. பிறருடைய கதவுக்குக் காவல் நிற்கவேண்டும் என்பது அன்று. ஆயினும் இன்று அவர் கேட்பாராயின், அன்றுபோல் வாயடைத்து நிற்கமாட்டேன். தேடுகிறவர் ‘எங்கே’ என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார் என்று சொல்லுவேன். உம் பிள்ளையின் பெயரைச் சொல்லி நீரும் அவரிடம் கேட்டுக்கொண்டேயிரும் என்று சொல்லுவேன். விடை கிடைத்தபின்னும் கேட்பதை நிறுத்தாத ஆன்மாவைக் கிறிஸ்து கடிந்துகொண்டதாக இக்காண்டாட்டாவில் எங்கும் இல்லை. அவர் ஒவ்வொரு முறையும், முதன்முறை கேட்டவளுக்குச் சொல்வதுபோலவே, மறுமொழி கூறுகிறார்.